காய்ந்த புல்லில் நச்சுக் களை: குதிரையே ஒதுக்கிவிடும் என்பது சரியா?

6 ஜனவரி 2025, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர் கேட்டது

மகள் ஐந்து மாதமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். அவளோடு போகும்போது லாயத்தில் சின்னச் சின்ன வேலைகளுக்கு நானும் கை கொடுப்பேன். அங்கே ஓர் அக்கா, புது லோடு புல் வந்தால் கட்டைப் பிரித்துத் தரையில் விரித்து அரை மணி நேரம் கிளறுகிறார். விஷக் களை இருக்கிறதா என்று பார்க்கிறாராம். எனக்கு இது வீண் வேலையாகப் படுகிறது. ஊரில் எங்கள் தாத்தா வீட்டு மாடு வேண்டாத செடியை மூக்கால் தள்ளிவிட்டு மற்றதைத் தின்னும். குதிரைக்கு அந்த அறிவு இல்லையா? கப்பலில் வரும் வைக்கோலில் போய் என்ன விஷம்?

6 ஜனவரி, இரவு

குதிரைக்கு அந்த அறிவு உண்டு தம்பி. செடி பச்சையாக இருக்கும்வரைதான் அது உதவும். ராக்வர்ட் என்ற மஞ்சள் பூச்செடி வயலில் நின்றால் குதிரை பெரும்பாலும் வாய் வைக்காது, அவ்வளவு கசப்பு. அதையே புல்லோடு சேர்த்து அறுத்து வெயிலில் காயவைத்தால் கசப்பு போய்விடும், நஞ்சு அப்படியே இருக்கும். அப்புறம் குதிரை எதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கும்? அந்த அக்கா செய்வது வீண் வேலையே இல்லை. குதிரையின் நாக்கு செய்ய முடியாததை அவர் கண் செய்கிறது.

காயவைத்தால் விஷம் போய்விடும் என்று நம் ஆட்கள் நம்புவதற்கும் ஒரு காரணம் உண்டு. இளஞ்சோளத்தை மேய்ந்தால் மாடு செத்துவிடும், அதையே அறுத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது. அது சயனைடு வகை நஞ்சு, காயும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும். ராக்வர்ட்டில் இருப்பது பைரோலிசிடின் ஆல்கலாய்டு. அது வெயிலுக்கு அசையாது. கட்டிலும் கன்டெய்னரிலும் மாதக்கணக்கில் கிடந்தாலும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

7 ஜனவரி, காலை

ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். நேற்று நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வைக்கோல் என்றால் கதிர் அடித்தபின் மிஞ்சும் தாள். குதிரைக்குத் தீவனமாக இங்கே வருவது அது இல்லை. திமோத்தி என்ற புல், ஓட் (ஓட்ஸ் பயிர்), லூசர்ன் (குதிரைமசால்) போன்றவற்றைச் சத்து இருக்கும்போதே அறுத்துக் காயவைத்துக் கட்டுகிறார்கள். லாயத்தில் எல்லோரும் ஹே என்றுதான் சொல்வோம். நெல்வயலில் களை எடுத்து, கதிர் அடித்து, உதறிய பிறகு வரும் வைக்கோலில் பச்சைக் களைக்கு அவ்வளவு இடமில்லை. ஹே அப்படியில்லை. வயலில் அன்று எது நின்றதோ அத்தனையும் ஒரே அறுப்பில் கட்டுக்குள் வந்துவிடும்.

7 ஜனவரி, மதியம்

எப்படிப் பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

கயிற்றை வெட்டியதும் புல் அடுக்கடுக்காகப் பிரியும், ரொட்டித் துண்டு மாதிரி. ஒவ்வோர் அடுக்கையும் நீலத் தார்பாயில் வைத்து விரலால் பிரிப்பேன். வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. வெளி வெளிச்சத்தில் செய்ய வேண்டும், டியூப் லைட்டுக்குக் கீழே எல்லாமே ஒரே நிறமாகத் தெரியும். கையுறையும் முகக்கவசமும் வேண்டும். புல்லின் தண்டு உள்ளே வெற்றாக, மெல்லியதாக, கணுவோடு இருக்கும். இலை நரம்பு நேர்கோடாக ஓடும். அதில் சேராத எதுவானாலும் தனியே எடுத்து வைத்துவிடுவேன். பென்சில் தடிமனில் ஒரு தண்டு, அடிப்பக்கம் சிவப்போ ஊதாவோ ஓடிய தண்டு, கருத்துச் சுருண்ட அகல இலை, பஞ்சு வெடித்த பூ, வெளுத்த மஞ்சள் பூ. கடைசியில் தார்பாயைத் தூக்கி, அடியில் கொட்டிக் கிடக்கும் விதைகளையும் தூளையும் ஒரு வெள்ளைத் தட்டில் போட்டுப் பார்ப்பேன். இலை நொறுங்கினாலும் விதை நொறுங்காது. கண்ணில் படாமல் போன களை பல நேரம் இந்தத் தட்டில் அகப்பட்டிருக்கிறது.

ஏற்றுமதிக்கு வரும் கட்டை இயந்திரத்தில் இரண்டாம் முறை அழுத்தி இறுக்குவார்கள், கன்டெய்னரில் நிறைய ஏற வேண்டும் என்பதற்காக. அதனால் இலையெல்லாம் நசுங்கியிருக்கும். சந்தேகமான இலையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். மெல்ல விரியும். ராக்வர்ட் இலை மாதிரி, கிழிந்த துணியின் ஓரம் போல வெட்டுவெட்டாக விரிகிறதா, முழு இலையாக விரிகிறதா என்று தெரிந்துவிடும். முதல்முறை அப்படி ஓர் இலை விரிந்ததைப் பார்த்தபோது நான் அசந்துபோனேன். மாதக்கணக்கில் கட்டுக்குள் கிடந்த இலை, நேற்றுப் பறித்தது போல் கிடந்தது.

7 ஜனவரி, இரவு

எத்தனை கட்டு பார்க்க வேண்டும் என்றால், பத்து வந்தால் நான் மூன்றைப் பிரிப்பேன், வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து. ஒரு கட்டு சுத்தமாக இருந்தால் மற்றதும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. களை வயல் முழுக்கச் சமமாக முளைப்பதில்லை, ஒரு மூலையில் கூட்டமாக நிற்கும். அந்த மூலையின் புல் இரண்டு கட்டில் அடங்கிவிடும்.

9 ஜனவரி

ராக்வர்ட் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், அது பிரிட்டன்காரர்களின் பெரிய கவலை. அங்கே 1959ஆம் ஆண்டுக் களைச் சட்டத்தில் அதுவும் உண்டு, 2003இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். நம் லாயத்துக்கு வரும் கட்டில் எதைத் தேட வேண்டும் என்பது அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியக் கட்டு என்றால் ஃபயர்வீட், அதுவும் ராக்வர்ட்டின் உறவுதான், நியூ சவுத் வேல்ஸ் கடலோரத்தில் ஏராளம். அப்புறம் பேட்டர்சன்ஸ் கர்ஸ் என்ற ஊதாப் பூச்செடி. கர்ஸ் என்றால் சாபம். பேட்டர்சன் என்ற குடும்பத்தார் தோட்டத்தில் அழகுக்கு வைத்தது வெளியே பரவி மேய்ச்சல் நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்டதாம். 2003 ஜனவரியில் கான்பராவைச் சுற்றிக் காட்டுத்தீ வந்தது. எரிந்த நிலத்தில் முந்திக்கொண்டு முளைத்தது இந்தச் செடி. தின்ன வேறு எதுவும் இல்லாமல் அதைத் தின்ற குதிரைகளில் 40க்கும் மேற்பட்டவற்றைக் கடைசியில் ஊசி போட்டு முடிக்க வேண்டியதாயிற்று. பசி வந்தால் கசப்பும் காவல் காக்காது.

வட அமெரிக்கத் திமோத்தி என்றால் ஹோரி அலிசம். சாம்பல் பூத்த தண்டு, தண்டோடு ஒட்டிய சின்ன முட்டை வடிவக் காய், விதை கொட்டியபின் கண்ணாடித் தாள் போல் ஒரு சவ்வு மிஞ்சும். அந்தச் சவ்வுதான் அடையாளம். இது கல்லீரலைத் தொடாது. தின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் கால்கள் வீங்கும், சில குதிரைக்குக் காய்ச்சல் வரும், மோசமானால் குளம்புக்குள் அழற்சி வரும். புல்லை மாற்றினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வடியும். நான்கு கால்களும் ஒரே நாளில் வீங்கிய குதிரையைப் பார்த்தால், வேலை அதிகமா, வெயிலா என்று யோசிப்பதோடு நேற்று எந்தக் கட்டைப் பிரித்தோம் என்றும் யோசியுங்கள்.

12 ஜனவரி

பேட்டர்சன்ஸ் கர்ஸ் பற்றி எழுதியதும் ஈசூன் அக்கா ஒருவர், "எங்கள் லூசர்ன் கட்டில் ஊதாப் பூ இருக்கிறதே, மொத்தத்தையும் வீசிவிடட்டுமா?" என்று கேட்கிறார். அக்கா, வீசாதீர்கள். லூசர்னுக்கே ஊதாப் பூதான்.

இந்தக் குழப்பத்தில் நானே விழுந்திருக்கிறேன். கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் வேலை பார்த்த காலத்தில் தீவனம் என் கைக்கு வரும் முன் யாராவது பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பில் நான் எதையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. 2024 அக்டோபர் 5 அன்று அங்கே கடைசிப் பந்தயம் முடிந்தது. அதற்குச் சில மாதம் முன்பே ஒரு சின்னப் பயிற்சி லாயத்துக்கு மாறிவிட்டேன். அங்கே கட்டைப் பிரிப்பது, எடை போடுவது, பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. முதல் வாரமே ஊதாப் பூ. லூசர்னைப் பார்த்துப் பயந்து ஆறு கட்டை ஒதுக்கிவைத்தேன். அடுத்த மாதம் மறுபடி ஊதாப் பூ, இதுவும் லூசர்ன்தானே என்று விட்டுவிட்டேன். அது லூசர்ன் இல்லை. கையுறை இல்லாமல் எடுத்ததால் மணிக்கட்டு வரை முள்முள்ளாகக் குத்தி அரித்தது, அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.

லூசர்ன் தண்டு வழவழப்பு, இலை மூன்று மூன்றாக வரும், காய் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும். பேட்டர்சன்ஸ் கர்ஸின் தண்டிலும் இலையிலும் விறைத்த மயிர் இருக்கும், காய்ந்தபின் இன்னும் குத்தும். பூ புனல் வடிவம். நம் ஊர்த் தேள்கொடுக்குச் செடியில் பூங்கொத்து தேளின் வால் மாதிரி வளைந்திருக்குமே, அதே வளைவு இதிலும் உண்டு. தேள்கொடுக்கிலும் இதே வகை நஞ்சுதான்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

இன்று இங்கே நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையின் பாட்டி தேக்காவிலிருந்து மாலை வாங்கிக்கொண்டு லாயத்துக்கு வந்திருந்தார். மாடு இல்லாவிட்டால் என்ன, குதிரையும் உழைக்கிற ஜீவன்தானே, பொட்டு வைத்து மாலை போடுகிறேன் என்றார். கேட்கவே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாலையைப் பார்த்தால் நடுநடுவே செவ்வரளி.

"பாட்டி, சாமிக்குப் போடலாம், இதன் கழுத்தில் போட வேண்டாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தை நிறுத்துகிற நஞ்சு, காய்ந்தாலும் போகாது. குதிரை கழுத்தைத் திருப்பி ஒரு கடி கடித்தால் போதும், பக்கத்துக் குதிரை இழுத்தாலும் போதும். பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து அரளியை ஒவ்வொன்றாக உருவி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மிஞ்சிய சாமந்தியைக் கதவின் வெளிப்பக்கம், அது எட்டாத உயரத்தில் கட்டினோம். குதிரைக்கு நெற்றியில் குங்குமம் மட்டும். கொஞ்சம் வெல்லமும் கேரட்டும் கொடுத்தார்.

16 ஜனவரி

அரளி புல் கட்டுக்குள்ளும் வருமா என்று கேட்கிறீர்கள். ஆம், வரலாம். வேலி ஓரம் அரளி வைத்த வயலில் அறுத்தால் இலை விழுந்திருக்கும். தோல் போல் தடித்த நீள இலை, நடு நரம்பு வெளுத்துத் தெரியும். ஒற்றை இலை கண்டாலும் அந்தக் கட்டைப் போடாதீர்கள்.

25 ஜனவரி

உட்லண்ட்ஸ் தம்பி மறுபடி கேட்கிறார், "ஒன்றிரண்டு தண்டால் அவ்வளவு பெரிய மிருகத்துக்கு என்ன ஆகிவிடும்?" அரளியானால் ஆகும். ராக்வர்ட்டானால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆகாமலே இருப்பதுதான் ஆபத்து.

500 கிலோ குதிரை நாளுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ காய்ந்த புல் தின்னும். பத்து என்று வைத்தால் வருடத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல். வெளிநாட்டில் குதிரை பாதி வருடம் வயலில் மேயும். சிங்கப்பூரில் அந்த இடம் எங்கே? 365 நாளும் கட்டுப் புல்தான். இந்த நஞ்சு கல்லீரலின் செல்லைப் பெருகவிடாமல் செய்கிறது. செத்த செல்லுக்குப் பதில் புதியது வராது, அந்த இடம் தழும்பாகிவிடும். இன்று கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

வெகுநாளைக்கு முன் ஒரு லாயத்தில் ஒரு கிழட்டுப் பழுப்பு மட்டக்குதிரை இருந்தது. பெயர் சொல்ல வேண்டாம், லாயத்தின் பெயரும் வேண்டாம். குழந்தைகள் முதல்முதல் ஏறுவது அதன் மேல்தான். யார் விழுந்தாலும் அசையாமல் நிற்கும். மெலிய ஆரம்பித்தது. வயசு என்றோம். மூக்கின் வெள்ளைப் பகுதி வெயிலில் கன்றிச் சிவந்தது. களிம்பு தடவினோம். அடிக்கடி கொட்டாவி விட்டது, அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் காலை சுவரில் நெற்றியை முட்டி நின்றது, விலக்கினால் மறுபடி போய் முட்டியது. மருத்துவர் வந்து இரத்தம் எடுத்தார், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி அளவு எங்கேயோ இருந்தது. கல்லீரல் முடிந்துவிட்டது என்றார். மாற்று மருந்து கிடையாது. நான்கு நாள் கழித்து அதை விடைகொடுத்து அனுப்பினோம்.

எந்தப் புல்? தெரியவில்லை. அந்த வருடம் விலை குறைவாக வந்த இடத்திலெல்லாம் வாங்கியிருந்தார்கள். கேட்டால், எங்கள் சரக்கில் இல்லை என்றார்கள். இருக்கிறது என்று காட்ட எங்கள் கையில் ஒரு பிடி புல்கூட இல்லை, எல்லாம் தின்று முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. களையால்தான் என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதுவே என்னை இப்போதும் உறங்கவிடாது.

அதை மறக்க முடியாமல்தான் இப்போதைய லாயத்தில் இந்தப் பழக்கம்: ஒவ்வொரு லோடிலும் இரண்டு பிடி எடுத்து, ஜிப் பையில் போட்டு, வந்த தேதி, கட்டின் சீட்டில் இருக்கும் எண், வாங்கிய இடம் எல்லாம் எழுதி அலமாரியில் வைக்கிறேன். நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சிலிக்கா பொட்டலமும் உள்ளே. ஒரு வருடத்துக்குத் தூக்கிப் போடுவதில்லை. கட்டைப் பார்ப்பது பற்றி அவ்வளவு நீளமாக எழுதினேன், இதை எழுத மறந்தேன். முதலில் எழுதியிருக்க வேண்டியது இதுதான்.

3 பிப்ரவரி

தோ பாயோவிலிருந்து ஒரு தங்கை: வீவக அடுக்குமாடி வீட்டில் முயல் வளர்க்கிறாராம், அதுவும் திமோத்திதான் தின்கிறது, பயப்பட வேண்டுமா? முயல், கினிப் பன்றி, ஆடு இவையெல்லாம் ராக்வர்ட் வகை நஞ்சைக் குதிரையையும் மாட்டையும் விட நன்றாகவே தாங்கும். தாங்கும் என்பதால் போடலாம் என்று இல்லை. பாக்கெட்டைக் கொட்டி ஒருமுறை பாருங்கள், சின்னப் பாக்கெட்தானே, இரண்டு நிமிட வேலை. பூஞ்சை வாடை வந்தால் உடனே தூக்கிப் போடுங்கள். நம் ஊருக்கு அதுதான் முதல் எதிரி.

8 பிப்ரவரி

"இறக்குமதியே வேண்டாம், லிம் சூ காங் பக்கம் எவ்வளவு புல், நாமே அறுத்துப் போடலாமே" என்கிறார் ஒருவர். ஆசைதான். ஆனால் பூங்காவிலும் அரசு நிலத்திலும் அனுமதி இல்லாமல் செடியில் கை வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் அங்கே நிற்பது புல் மட்டும் இல்லை. உண்ணிச்செடி இருக்கும், கிலுகிலுப்பை இருக்கும். சின்ன வயதில் காய்ந்த கிலுகிலுப்பைக் காயைக் காதருகே ஆட்டி விளையாடியிருப்போம். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் அதன் இனம் ஒன்றைத் தின்ற குதிரைகள் திசை தெரியாமல் நடந்துகொண்டே இருக்குமாம். வேலி வந்தாலும் நிற்காது, முட்டிக்கொண்டு நடக்கும். கிம்பர்லி குதிரை நோய் என்றே அதற்குப் பெயர். அந்தப் பழுப்புக் குதிரை சுவரில் நெற்றியை வைத்து நின்றதும் இந்த வகைதான், கல்லீரல் கைவிட்டபின் மூளைக்கு ஏறும் நஞ்சு.

புல்வெட்டும் இயந்திரம் கொட்டிய பச்சைத் தூளையும் போடக் கூடாது. குவியலில் சூடேறிப் புளித்துவிடும், குதிரைக்கு வயிற்றுவலி நிச்சயம்.

20 பிப்ரவரி

இரண்டு இடத்தில் என் பேச்சு மாற வேண்டும்.

ஒன்று, களையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாமா என்று கேட்டவருக்குத் தனிச்செய்தியில் சரி என்றிருந்தேன். தவறு. ராக்வர்ட்டோ பேட்டர்சன்ஸ் கர்ஸோ ஒரு தண்டு கையில் கிடைத்தால், அதன் நொறுங்கிய இலை அந்தக் கட்டு முழுக்கத் தூளாகப் பரவியிருக்கும். தூளைப் பொறுக்க முடியாது. அந்தக் கட்டு போகட்டும், அதே எண் கொண்ட மற்றவற்றையும் நிறுத்திவைத்து, படத்தோடு விற்றவருக்கு எழுதுங்கள்.

இரண்டு, கண் போதும் என்பது போல் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். ஓட் ஹே பற்றி யோசித்தபோது உறைத்தது. ஆஸ்திரேலிய ஓட் வயலில் ரைகிராஸ் என்ற புல் கலந்து முளைக்கும். அதன் கதிருக்குள் ஒரு நுண்புழு ஒரு பாக்டீரியாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அந்த பாக்டீரியாதான் நஞ்சைத் தயாரிக்கும். பார்க்க அது சாதாரணப் புல் கதிர். எத்தனை தார்பாய் விரித்தாலும் தெரியாது. அதனால்தான் அங்கே ஏற்றுமதி ஓட் ஹேயை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள். ஓட் ஹே வாங்கும்போது அந்தச் சோதனைத் தாளைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் வாங்காதீர்கள். அமெரிக்க லூசர்னில் செத்துக் கிடக்கும் கொப்புள வண்டும் இப்படித்தான். வண்டு நசுங்கித் தூளானாலும் நஞ்சு புல்லில் ஒட்டியிருக்கும்.

9 மார்ச்

உட்லண்ட்ஸ் தம்பி நேற்று இரவு படம் அனுப்பியிருந்தார். அக்காவுக்கு விடுமுறையாம், கட்டைப் பிரித்தது இவர். தடித்த தண்டு, செம்பழுப்பு, உச்சியில் காபித்தூள் நிறத்தில் கொத்தாக விதை. இலையைத் தண்ணீரில் போடச் சொன்னேன். நீளமாக, ஓரம் அலையலையாக, வெட்டு இல்லாமல் விரிந்தது. டாக் என்ற களை, மூன்று பக்கம் இறக்கை வைத்த விதை. ராக்வர்ட் வகை இல்லை. ஆனாலும் அதை எடுத்துவிடுங்கள், மற்ற இரண்டு கட்டையும் பிரித்துப் பாருங்கள் என்றேன்.

10 மார்ச்

இரண்டையும் பிரித்தாராம். ஒன்றில் மயிர் விறைத்த தண்டு நான்கு. ஊதா போய் நீலம் ஓடிய பூ, வளைந்த கொத்து. படம் தெளிவாக இருக்கிறது, பேட்டர்சன்ஸ் கர்ஸ்தான். கட்டுகள் தனியே ஒதுக்கப்பட்டுவிட்டன, விற்றவருக்கு எழுதியாயிற்று, வியாழன் அன்று மாற்று லோடு வருகிறது. அதுவரைக்கும் என் லாயத்திலிருந்து நான்கு கட்டு அனுப்புகிறேன். இரண்டு பிடியை ஜிப் பையில் எடுத்து வைத்தீர்களா தம்பி? எடுக்கவில்லை என்றால் இன்றே எடுங்கள், எண்ணை எழுத மறக்காதீர்கள். அந்த லாயத்துக் குதிரைகளுக்கு ஜிஜிடி பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அக்கா பேசட்டும், அதே எண்ணில் ஏற்கெனவே எத்தனை கட்டு போட்டார்கள் என்ற கணக்கோடு.